ஆர்லிங்டனில் ஒரு மூவாயிரம்!

டெக்ஸாஸ் மாநிலத்தில், ஜூலை மாத வெயிலில், கூரை இல்லாத ஸ்டேடியத்தில் உட்கார்ந்திருப்பவன் ஒன்று பேஸ்பால் பைத்தியமாக இருக்க வேண்டும். அல்லது ஓசி டிக்கெட்டில் வந்தவனாக இருக்க வேண்டும். நான் ரெண்டாவது ரகம்.

ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் டல்லாஸ் பக்கம் போயிருந்த சமயம். டிக்கெட் வாங்கியிருந்த நண்பர் வீட்டில் யாருக்கோ ஜுரம். ''நீங்க போய்ட்டு வாங்க சார்... இன்னிக்கு சரித்திரம் நடக்கப் போகுது. வீணாப் போகக் கூடாது'' என்று கையில் திணித்து விட்டார். 2017, ஜூலை 30. ஞாயிற்றுக்கிழமை. துவைக்க வேண்டிய துணி மலையாகக் கிடந்தது. சரித்திரத்தையே பார்ப்போம் என்று கிளம்பினேன்.

டல்லாஸுக்கும் ஃபோர்ட் வொர்த்துக்கும் நடுவே இருக்கிறது ஆர்லிங்டன். பெரிய ஊர்தான். ஆனால் நம் ஊர் மாதிரி மூலைக்கு மூலை டவுன் பஸ்ஸைத் தேடினால் ஏமாந்து போவீர்கள். கார் இல்லாதவனுக்கு அங்கே கதிமோட்சம் கிடையாது. சிக்ஸ் ஃப்ளாக்ஸ் பொழுதுபோக்குப் பூங்காவில் ரோலர் கோஸ்டரில் தொங்குகிறவர்கள் போடும் கூச்சலைத் தாண்டிப் போனால், சிவப்புச் செங்கல்லில் கோட்டை மாதிரி ஒரு கட்டடம். 1994-ல் திறந்த ஸ்டேடியம். டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் டீமின் வீடு. உள்ளே போனதும் என் கண்ணில் பட்டது மைதானம் இல்லை. அதற்குப் பின்னால் நின்ற நாலு மாடி ஆபீஸ் கட்டடம். நிஜ ஆபீஸ்! ஜன்னல் பக்கம் ஸீட் கிடைத்தவன் முழு மேட்ச்சும் பார்க்கலாம். அங்கே மானேஜராக இருப்பவரை நினைத்துப் பரிதாபப்பட்டேன்.

பக்கத்து ஸீட்டில் ஒரு பெரியவர். எழுபது வயசிருக்கும். மடியில் ஸ்கோர் நோட்டு, காதில் பென்சில். எதிரே நூறடி அகலத்துக்கு எலெக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. இவர் நோட்டில் எழுதிக் கொண்டிருக்கிறார்.

''எதுக்கு சார் எழுதறீங்க? அங்கதான் போட்டிருக்கானே...''

''அது நாளைக்கு அழிஞ்சிடும் தம்பி'' என்றார் - அவர் இங்கிலீஷில் சொன்னதற்கு அதுதான் அர்த்தம்.

அன்றைய கதாநாயகன் அட்ரியன் பெல்ட்ரே. 38 வயது. மூன்றாம் பேஸ் காவல்காரர். அன்று காலை கணக்குப்படி 2,999 ஹிட். இன்னும் ஒன்று அடித்தால் மூவாயிரம். அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் அதுவரை முப்பதே பேர்தான் அந்த எண்ணைத் தொட்டிருந்தார்கள். வருஷத்துக்கு இருநூறு வீதம் பதினைந்து வருஷம் விடாமல் அடித்தால்தான் வரும் கணக்கு. இருநூறு என்பது ஒரு வருஷம் அடிப்பதற்கே நாக்குத் தள்ளும். பெல்ட்ரே தன் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் அதைச் சாதித்திருக்கிறார்.

மூன்றாம் பேஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: மைதானத்தில் ஒரு சதுரத்தை மூலையில் நிற்க வைத்த மாதிரி நான்கு புள்ளிகள். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 90 அடி. வலது கை ஆட்டக்காரன் முழு பலத்தையும் போட்டு இழுத்து அடித்தால் பந்து நேரே மூன்றாம் பேஸுக்குத்தான் வரும். யோசிக்க நேரம் கிடையாது. நம் கிரிக்கெட்டில் ஹெல்மெட் மாட்டிக் கொண்டு பக்கத்தில் நிற்கிறாரே ஒருத்தர், அவருடைய அண்ணன் முறை என்று வைத்துக் கொள்ளுங்கள். பிடித்தால் மட்டும் போதாது. எதிர் மூலையில், சுமார் 127 அடி தள்ளி இருக்கும் முதல் பேஸுக்கு, ஓடுகிறவன் போய்ச் சேருவதற்குள் எறிய வேண்டும். இந்த இடத்துக்குச் 'சூடான மூலை' என்றே செல்லப் பெயர். பெல்ட்ரே இந்த மூலையில் ஆடிய மேட்ச்சுகள், ஓய்வு பெறும்போது 2,759. அவருக்கு மேலே ப்ரூக்ஸ் ராபின்சன் ஒருத்தர்தான்.

''இந்த ஆளை ஒரு காலத்துல முடிஞ்சு போச்சுன்னு எழுதிட்டாங்க, தெரியுமா?'' என்றார் பெரியவர்.

தெரியாது. சொன்னார். அப்புறம் நானும் தேடிப் படித்தேன்.

டொமினிகன் குடியரசின் சாந்தோ டொமிங்கோவில் பிறந்தவர். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் டீம் அவரை 1994-ல் வளைத்துப் போட்டபோது வயது 15. சட்டப்படி 16 ஆகியிருக்க வேண்டும். வயதை மாற்றி எழுதியிருந்தார்கள். (வயசைக் கூட்டிப் போடுவது நம் ஊர் ஸ்கூல் அட்மிஷனில் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்!) 1999-ல் குட்டு உடைந்து டாட்ஜர்ஸுக்கு அபராதமும் ஒரு வருடத் தடையும் கிடைத்தன. பையன் மேல் தப்பில்லை. அவர் 1998 ஜூன் 24-ம் தேதியே, பத்தொன்பது வயதில், பெரிய லீக்கில் இறங்கியிருந்தார். முதல் தடவை மட்டையோடு நின்றபோதே ஒரு டபுள்.

அப்புறம் 2004. அந்த வருடம் 48 ஹோம் ரன். வேறு யாரும் அத்தனை அடிக்கவில்லை. சியாட்டில் மாரினர்ஸ் ஐந்து வருடத்துக்கு 6.4 கோடி டாலர் கொடுத்து அழைத்துக் கொண்டு போனது. போன முதல் வருடமே 48 என்பது 19 ஆயிற்று! அந்த ஊர் மைதானம் இடது பக்கம் விசாலம். கடல் காற்று வேறு. வேறு மைதானத்தில் கூட்டத்துக்குள் விழும் பந்து அங்கே பிடிக்கிறவன் கையில் விழுந்தது. காரணம் யாருக்கு வேண்டும்? 'பணத்தை வாங்கிக் கொண்டு தூங்குகிறான்' என்று பேச்சு. 2009-ல் தோளில் ஆபரேஷன். மொத்தமே 8 ஹோம் ரன். முப்பது வயது. அடுத்து பாஸ்டன் கொடுத்தது ஒரே ஒரு வருட ஒப்பந்தம்.

பெரியவர் நோட்டின் ஓரத்தில் இரண்டு எண் எழுதிக் காட்டினார். 2009 முடியும் வரை: 1,700. அதற்கப்புறம் அன்று காலை வரை: 1,299.

நான் அந்த 1,299-ஐ ரொம்ப நேரம் பார்த்துக் கொண்டிருந்தேன். அந்த வருடம் எனக்கு முப்பத்தொன்று. ஏப்ரலில் வந்த பிரமோஷன் லிஸ்டில் என் பெயர் இல்லை. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

பாஸ்டனில் அந்த ஒரு வருடத்தில் 49 டபுள் அடித்தார். 2011-ல் ஆர்லிங்டனுக்கு வந்தார். இந்த மைதானத்துக்கும் அவருக்கும் ஏதோ பூர்வ ஜென்ம பந்தம். ஒரே மேட்ச்சில் சிங்கிள், டபுள், ட்ரிபிள், ஹோம் ரன் நாலும் அடிப்பதை 'சைக்கிள்' என்பார்கள். அதிகம் பேருக்கு வாய்க்காது. பெல்ட்ரே மூன்று தடவை ஓட்டியிருக்கிறார் - 2008, 2012, 2015. மூன்றும் இதே மைதானம். முதலாவது, சியாட்டில்காரராக வந்து ரேஞ்சர்ஸுக்கு எதிராகவே அடித்தது! 2011 இறுதிப் போட்டித் தொடரில் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றியபடி ஹோம் ரன் அடித்ததும் இங்கேதான். அந்தத் தொடரின் ஆறாவது மேட்ச், செயின்ட் லூயிஸ் ஊரில். இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் கிடைத்தால் ரேஞ்சர்ஸுக்குக் கோப்பை என்ற நிலைமை வந்தது. ஒரு தரம் இல்லை, இரண்டு தரம். இரண்டு தரமும் நழுவியது. தொடரும் போயிற்று.

''அதைப் பத்திப் பேச வேண்டாம்'' என்றார் பெரியவர், தானே ஆரம்பித்து விட்டு.

மனுஷர் சிரிப்புக்கும் பேர் போனவர். தலையை யாராவது தொட்டால் ஆகாது. ஆகவே சக ஆட்டக்காரர் எல்விஸ் ஆண்ட்ரஸுக்கு அவர் தலையைத் தொடுவதே பிழைப்பு. மூவாயிரத்துக்கு நாலு நாள் முன்னால் இதே மைதானத்தில் இன்னொரு கூத்து. அடுத்து ஆட வேண்டியவர் நிற்பதற்கு ஒரு வட்டப் பாய் போட்டிருக்கும். 'அதில் போய் நில்' என்றார் அம்பயர். இவர் என்ன செய்தார்? தான் நின்ற இடத்துக்குப் பாயை இழுத்துப் போட்டுக் கொண்டார்! அம்பயர் அவரை வெளியேற்றி விட்டார். ஆபீஸில் 'உன் ஸீட்டில் போய் உட்கார்' என்ற மேலதிகாரியிடம் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டால் என்ன ஆகும்? அதேதான்.

ஞாயிறு மேட்ச்சுக்கு வருகிறேன். முதலில் ஆட வந்தபோது ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது இன்னிங்ஸ். பால்டிமோர் பந்துவீச்சாளர் வேட் மைலி. முதல் மூன்று பந்தும் தப்பாகப் போயின. அந்த நிலையில் சாதாரணமாக நாலாவதை விட்டு விடுவார்கள். அதுவும் தப்பினால் இலவச நடை. பெரியவர் பென்சிலைக் கீழே வைத்து விட்டார்.

பெல்ட்ரே விடவில்லை. இடது ஓரக் கோட்டை ஒட்டிச் சீறிக் கொண்டு போயிற்று பந்து. இத்தனை வருஷம் தான் காவல் காத்த அந்தச் சூடான மூலை வழியாகவே! டபுள். முதல் ஹிட்டும் டபுள், மூவாயிரமாவதும் டபுள். டொமினிகன் நாட்டில் பிறந்தவர் ஒருவர் அந்த எண்ணைத் தொட்டது அதுதான் முதல் தடவை. டீம் முழுக்க ஓடி வந்தது. அவருடைய குழந்தைகள் புல்வெளியில் தலைதெறிக்க ஓடிப் போய், 3,000 என்று எழுதியிருந்த பேனரின் திரையை இழுத்தார்கள். எனக்குப் பெரிய கைதட்டல் எல்லாம் மறந்து போய், அந்தச் சின்னது ஓடிய ஓட்டம்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

பெரியவர் நோட்டில் ஒரு சின்னக் கோடு போட்டார். கண்ணைத் துடைத்துக் கொண்டு, ''வெயில்...'' என்றார்.

அன்று ரேஞ்சர்ஸ் தோற்றது. யாரும் கண்டுகொள்ளவில்லை. ராத்திரி வீட்டுக்குப் போன் பண்ணி, பிரமோஷன் விஷயத்தைச் சொன்னேன். ''அதான் முகமே சரியில்லையா... போட்டோல பார்த்தேன்'' என்றாள் மனைவி. அவ்வளவுதான்!

பெல்ட்ரே 2018-ல் ஓய்வு பெற்றார். 21 சீசன், 3,166 ஹிட், 477 ஹோம் ரன், ஐந்து கோல்ட் க்ளவ். 2019-ல் அவருடைய 29-ம் நம்பரை இனி யாருக்கும் தருவதில்லை என்று இதே மைதானத்தில் அறிவித்தார்கள். கோப்பை மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. ரேஞ்சர்ஸ் அதை ஜெயித்தது 2023-ல். 2024-ல் கூப்பர்ஸ்டவுன் ஹால் ஆஃப் ஃபேமில், தகுதி வந்த முதல் வருடமே, 95.1 சதவீத ஓட்டோடு உள்ளே போனார்.

அதற்கப்புறம் ஒரு தடவை ஆர்லிங்டன் பக்கம் போக நேர்ந்தது. 2020 முதல் ரேஞ்சர்ஸ் ஆடுவது பக்கத்திலேயே கட்டிய புது ஸ்டேடியத்தில். மூடித் திறக்கும் கூரை, ஏ.ஸி., சகல சௌகரியம். பழைய செங்கல் கோட்டை அப்படியேதான் நிற்கிறது, பெயர் மட்டும் சாக்டா ஸ்டேடியம். உள்ளே இப்போது கால்பந்து. கேட் கம்பி வழியாக எட்டிப் பார்த்தேன். நீளச் சதுரமாகப் பச்சை விரிப்பு.

காவல்காரரிடம் கேட்டேன்: ''மூணாம் பேஸ் எங்க சார் இருந்தது?''

''அதோ, அந்தப் பக்கம்...'' என்று கையை நீட்டினார். ஒரு நிமிஷம் யோசித்தார். ''இல்ல இல்ல... இந்தப் பக்கம்.''