திரையில் தெரியும் எண்ணை நம்பலாமா?

திருச்சிக்காரர்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. மலைக்கோட்டை உயரமா, ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் உயரமா?

மலைக்கோட்டைப் பாறை சுமார் 83 மீட்டர். 1987-இல் கட்டி முடிக்கப்பட்ட ராஜகோபுரம் 236 அடி, அதாவது சுமார் 72 மீட்டர். இந்த இரண்டும் தரையிலிருந்து அளந்தவை. ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகையில் எழுதியிருக்கும் உயரமோ கடல் மட்டத்திலிருந்து அளந்தது. எல்லாமே சரியான எண்கள்தான். ஆனால் பூஜ்ஜியம் எங்கே என்று கேட்காமல் ஒன்றோடொன்றை ஒப்பிட்டால் கதை கந்தலாகிவிடும்.

இதே கதைதான் சிஎன்சி மெஷினிலும் நடக்கிறது.

1965-இல் திருச்சியில் பெல் நிறுவனம் வந்த பிறகு திருவெறும்பூர், துவாக்குடி பக்கம் நிறைய பட்டறைகள் முளைத்தன. இப்படிப்பட்ட பட்டறைகளில் இன்று சிஎன்சி மெஷினிங் சென்டர் சகஜம். அதன் மேகசினில் இருபது, இருபத்துநான்கு டூல்கள் தொங்கும். ட்ரில் நீளமாக இருக்கும், ஃபேஸ் மில் குட்டையாக இருக்கும். இவற்றை மெஷின் தானே மாற்றிக்கொள்ளும். ஆனால் எந்த டூல் எவ்வளவு நீளம் என்பது அதற்குத் தானாகத் தெரியாது. மனிதன் அளந்து ஆஃப்செட் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும். இதுதான் டூல் லெங்த் ஆஃப்செட்.

ஒரு உதாரணம். ஸ்பிண்டில் முகத்திலிருந்து முதல் டூலின் நீளம் 120 மில்லிமீட்டர், இரண்டாவது 165. இரண்டாவது டூலை மாட்டி "ஜி43 எச்02 இசட்50" என்று கட்டளை கொடுத்தால் மெஷின் 165-ஐயும் 50-ஐயும் கூட்டும். ஸ்பிண்டில் முகத்தை ஜாபுக்கு 215 மில்லிமீட்டர் மேலே நிறுத்தும். டூலின் நுனி சரியாக 50-இல் நிற்கும்.

ப்ரோகிராமில் எச்02-க்குப் பதில் எச்01 என்று இருந்துவிட்டால்? மெஷின் 120-ஐத்தான் கூட்டும். ஸ்பிண்டில் 170-இல் நிற்கும். டூல் நுனி ஜாபுக்கு வெறும் 5 மில்லிமீட்டர் மேலே! பக்கத்தில் 30 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு கிளாம்ப் இருந்தால் முடிந்தது கதை. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போதும் திரையில் அப்சல்யூட் இசட் "50.000" என்று சமர்த்தாகக் காட்டும். :)

மெஷின் பொய் சொல்கிறதா? இல்லை. அதன் என்கோடர் அளப்பது ஸ்பிண்டில் தலை நகர்ந்த தூரத்தை மட்டுமே. நுனி இருக்கும் இடம் அளவு அல்ல, கணக்கு. போதாக்குறைக்கு சில கன்ட்ரோல்களில், டூல் நீளத்தைக் கணக்கில் எடுத்து இடத்தைக் காட்டுவதா வேண்டாமா என்பதையே ஒரு பாராமீட்டரில் மாற்றலாம். அதே இடத்தில் நிற்கும் டூலுக்கு இரண்டு மெஷின்கள் இரண்டு எண் காட்டினால் ஆச்சரியப்பட வேண்டாம்.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. ராமன் கணக்கில் எழுத வேண்டியதை ரகு கணக்கில் எழுதினாலும் ட்ரையல் பேலன்ஸ் டாலி ஆகும். டாலி ஆவதால் மட்டும் கணக்கு சரி என்று எந்த ஆடிட்டரும் சொல்லமாட்டார். ஆனால் கணக்கில் வந்த தப்பை மார்ச் மாதத்திலும் திருத்தலாம். மெஷின் அவ்வளவு காத்திருக்காது. ரேப்பிடில் நிமிடத்துக்கு 24 மீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 400 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டரைக் கடக்க நொடியில் எட்டில் ஒரு பங்கு போதும். எமர்ஜென்சி பட்டனைத் தட்டலாம் என்று நினைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இன்னொரு ஆபத்து இரண்டு பட்டன்களில் இருக்கிறது. பல கன்ட்ரோல்களில் "இன்புட்" அழுத்தினால் பழைய எண் அழிந்து புதிய எண் உட்காரும். "பிளஸ் இன்புட்" அழுத்தினால் பழையதோடு கூடும். ஆழம் 0.02 அதிகமாகிவிட்டது, ஆஃப்செட்டில் 0.02 கூட்ட வேண்டும். அவசரத்தில் முதல் பட்டனை அழுத்திவிட்டால் 165 போய் 0.02 ஆகிவிடும். டூலே இல்லை என்று நினைத்துக்கொண்டு மெஷின் கீழே இறங்கும்.

இப்படி ஒரு விபத்து நடந்தால் டூல் உடையும், ஜாப் ஸ்க்ராப் ஆகும், ஸ்பிண்டில் பேரிங்கும் அடி வாங்கலாம். திட்டு விழுவது அந்த நேரத்தில் மெஷின் முன்னால் நின்றவருக்கு. ஆனால் தேய்ந்த டூலை மாற்றிவிட்டு ஆஃப்செட்டை மாற்றாமல் போனவர் முந்தைய ஷிப்ட்காரராக இருக்கலாம். ப்ரோகிராமில் எச் எண்ணைத் தப்பாக எழுதியவர் ஏசி அறையில் இருக்கலாம்.

அதனால்தான் விவரம் தெரிந்த ஆபரேட்டர்கள் புது செட்டிங்கில் சிங்கிள் பிளாக் போடுகிறார்கள், ரேப்பிடைக் குறைக்கிறார்கள். டூல் ஜாபை நெருங்கும்போது நிறுத்தி, "டிஸ்டன்ஸ் டு கோ" எண்ணைப் பார்க்கிறார்கள். இன்னும் 40 மில்லிமீட்டர் இறங்க வேண்டும் என்று திரை சொல்கிறது, கண்ணுக்குத் தெரியும் இடைவெளியோ 10 கூட இல்லை என்றால், எங்கோ தப்பு என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மேஸ்திரிக்கு இது நேர விரயமாகத் தோன்றலாம். "திரையிலதான் எல்லாம் வருதே, அப்புறம் என்னப்பா குனிஞ்சு பார்க்கிற?" என்று கேட்கலாம். அப்படிக் குனிந்து பார்ப்பவரால்தான் அந்த மெஷின் நாளையும் ஓடும். டூல் மாற்றினால் நோட்டில் ஒரு வரி எழுதி வையுங்கள், நண்பர்களே. அடுத்த ஷிப்டில் அந்தத் திரையை நம்பி நிற்கப்போவது இன்னொருவர்.