எவர்சில்வரில் ஒரு பெயர்

இண்டூரில் வீடு கட்டி முடித்தபோது எங்கள் கையிருப்பு மிகவும் மெலிந்திருந்தது. பால் காய்ச்ச ஒன்று, தேநீருக்கு ஒன்று, குழம்பு சுடவைக்க ஒன்று. கைப்பிடி வைத்த மூன்று எவர்சில்வர் பாத்திரங்கள் போதும் என்று முடிவு செய்து தருமபுரிக்குப் பேருந்தேறினோம்.

சட்டைப்பையில் ஒரு காந்தம் இருந்தது. ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்று கேள்விப்பட்டிருந்தோம். கடைக்காரர் சிரித்தார். 304 என்னும் வகையில் குரோமியம் ஏறத்தாழ 18, நிக்கல் 8 விழுக்காடு, விலையும் கூடுதல். 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். அதிலும் காந்தம் ஒட்டாது. ஆனால் உப்பும் புளியும் நாள்பட அதைக் கறைப்படுத்தக்கூடும். 1981இல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை அண்டை மாவட்டத்தில்தான் இருக்கிறது. எஃகைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததோ அவ்வளவுதான்.

எனவே அடிக்கனத்தைப் பார்த்தோம். எஃகு வெப்பத்தை மெல்லக் கடத்துவது. அடி மெலிந்திருந்தால் தீ படும் இடத்தில் பால் பிடித்துவிடும். குழம்புக்கு 304, பாலுக்கும் தேநீருக்கும் அடிகனத்த 202 என்று பங்கிட்டதில் செலவு கைக்குள் அடங்கியது.

"என்ன பேருங்க வெட்டணும்?"

குடும்பத் தலைவரின் பெயரைச் சொல்லத்தான் நா எழுந்தது. அம்மா நாற்பதாண்டு புழங்கிய பால் பாத்திரத்திலும் அப்பாவின் பெயரே இருந்தது. அவர் அதை ஒருநாளும் கழுவியதில்லை.

அம்மாவின் பெயரைச் சொன்னோம். புதுவீட்டைக் காண அவர் இருக்கவில்லை. முதற்பால் அவர் பெயரிட்ட பாத்திரத்தில்தான் பொங்கியது.