இஞ்சினை நீராட்டிய கதை

ஆயுத பூஜை வந்துவிட்டால் நம் வீடுகளில் அரிவாள்மணை முதல் தையற்பொறி வரை யாவும் துலங்கிப் பொட்டிட்டுக்கொள்ளும். வாசலில் நிற்கும் மோட்டார் வண்டி மட்டும் புழுதியோடு நிற்கலாமா? இந்த எண்ணந்தான் 2022-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் நம்மை ஒரு பெரும் பிழைக்கு ஆளாக்கிற்று. அதனை நம் சங்கத்து அன்பர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை என்று கருதி இதனை எழுதலானோம்.

நாம் மும்பையில், செம்பூரில், ஒரு பழைய குடியிருப்பில் வசிக்கிறோம். நம்மிடம் இருப்பது 2013-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் வண்டி. நம் மாடியில் வேறெவரிடமும் வண்டி இல்லை. ஆதலின் நடுநிசியில் யாருக்கேனும் உடல்நலம் குன்றினால் நம் கதவே முதலில் தட்டப்படும். அதில் நமக்குச் சிறிது பெருமையும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

அவ்வாண்டு மழைக்காலம் முடிந்ததும் பானட்டைத் திறந்து பார்த்தோம். சேறும் எண்ணெய்ப் பிசுக்கும் படிந்திருந்தன. ஒரு மூலையில் எலி கூடு கட்டியிருந்தது. பட்டறைக்குக் கொடுத்தால் பணம் செலவாகும், நம் கையாலேயே செய்துவிடலாம் என்று துணிந்தோம். பிளக்குகளைக் கழற்றிச் சுரண்டிவிட்டு மீண்டும் மாட்டினோம். ஒன்று மட்டும் முரண்டு பிடித்தது. ஸ்பானரால் வலிந்து திருகி உட்காரவைத்தோம். மறுநாள் காலை குழாயைப் பிடித்து இஞ்சின் முழுவதையும் வேகமாகக் கழுவினோம். பளபளவென்று மின்னிற்று. இல்லாள் சந்தனம் இட்டாள். மகள் சாமந்தி மாலை சூட்டினாள். ஒருமுறையேனும் இஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும் என்று நமக்குத் தோன்றவே இல்லை.

அன்று அக்டோபர் 4, ஆயுத பூஜை. இரவு பதினொரு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. எதிர்வீட்டு ஆஜி கண்ணீரோடு நின்றார். எழுபத்தெட்டு வயதான ஆஜோபாவுக்கு நெஞ்சுவலி, மகனோ புனேயில். ஓடினோம், அவரைக் கைத்தாங்கலாக இறக்கி வண்டியில் ஏற்றினோம், சாவியைத் திருப்பினோம். இஞ்சின் இருமிற்று, உயிர் கொள்ளவில்லை. மீண்டும் மீண்டும் முயன்றும் அதே இருமல்தான். மாலையும் பொட்டுமாக வண்டி நிற்க, உள்ளே முதியவர் வியர்த்து நனைந்துகொண்டிருந்தார். பெருஞ்சாலைக்கு ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்து வருவதற்குள் இருபது நிமிடங்கள் கழிந்தன. அந்த இருபது நிமிடங்களை நாம் இன்றும் மறந்தோமில்லை. தெய்வாதீனமாக அவர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் தாராவியிலிருந்து ஒரு திருநெல்வேலிப் பெரியவரை அழைத்து வந்தோம். நாற்பது ஆண்டுகளாக மோட்டார்களோடு பழகியவர். பானட்டைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

“என்ன தம்பி, இஞ்சினுக்குத் தலைக்கும் ஊத்திட்டீயளே!”

“அழுக்காக இருந்தது அண்ணாச்சி, அதனால்தான்…” என்று இழுத்தோம்.

“அழுக்கு வண்டிய நிறுத்தாது. அவசரந்தான் நிறுத்தும்” என்றார் அவர்.

ஒவ்வொரு பிளக்கும் ஓர் ஆழ்ந்த குழிக்குள் இருக்கிறது. அதன்மேல் தீப்பொறிக்கான மின்சாரம் தரும் காயில் பொருந்தியிருக்கிறது. நாம் பீய்ச்சிய நீர் அந்தக் குழிகளில் தேங்கிவிட்டது. மின்சாரம் பொறியாகாமல் நீரின் வழியே கசிந்து போயிற்று. காயில்களைக் கழற்றி, காற்றால் ஊதி உலர்த்தியதும் வண்டி உறுமி எழுந்தது. ஆனால் நாம் வலிந்து திருகிய பிளக்கு அலுமினியத் தலையின் மரையைத் தின்றிருந்தது. அம்மரையைக் கடைந்தெடுத்து எஃகுச் சுருள் இறக்க வேண்டியதாயிற்று. பட்டறைக் கூலியை மிச்சப்படுத்த எண்ணியவர் அதனைப் பன்மடங்காகக் கொடுத்தோம்.

அன்று அண்ணாச்சி கூறியவற்றையும், பிறகு நாம் கற்றவற்றையும் அன்பர்களுக்குத் தொகுத்துத் தருகிறோம்.

சூடான இஞ்சினில் ஒருபோதும் தண்ணீர் ஊற்றலாகாது. காய்ந்த உலோகம் திடீரெனக் குளிர்ந்தால் விரிசல் காணக்கூடும். வண்டி நன்றாக ஆறிய பிறகே கை வைக்க வேண்டும். ரேடியேட்டரின் மூடி இன்னும் ஆபத்தானது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர் மூடி கழன்றதும் முகத்தில் பாயும்.

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, பாட்டரியின் இணைப்பைக் கழற்றுக. முதலில் கழற்ற வேண்டியது நெகடிவ் முனை. கடைசியாக மாட்ட வேண்டியதும் அதுவே. பாஸிடிவ் முனையை முதலில் கழற்றப் போனால், ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்ட மாத்திரத்தில் தீப்பொறி பறக்கும். பாட்டரி இணைந்திருக்கும்போது, இஞ்சின் நின்ற பின்னரும் ரேடியேட்டர் விசிறி சூட்டினால் தானே சுழலத் தொடங்குவதுண்டு. அருகில் குழந்தைகளை விடலாகாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

கழுவுவதற்கு முன் ஆல்டர்னேட்டர், பியூஸ் பெட்டி, காயில்கள், காற்று புகும் வாய் ஆகியவற்றைப் பாலிதீன் பையால் கட்டி மூடுக. காற்றின் வழியே நீர் சிலிண்டருக்குள் புகுந்துவிட்டால் பெரும் கேடு. காற்று அழுந்தும், நீர் அழுந்தாது. மேலேறும் பிஸ்டன் அதில் மோதினால் அதனைத் தாங்கும் தண்டே வளைந்துவிடும். உண்மையில் குழாயே தேவையில்லை. ஈரத்துணியும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷும் போதும். பெட்ரோலால் துடைப்பது தீயை விருந்துக்கு அழைப்பதாகும்; மண்ணெண்ணெயும் தீப்பற்றக் கூடியதே, அன்றியும் ரப்பர்க் குழாய்களைக் கெடுக்கும். துடைத்த துணியை உள்ளேயே மறந்துவிடுதலும் ஆகாது.

பிளக்கைக் கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணை ஊதி அகற்றுக. இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். மாட்டும்போது கையாலேயே அடிவரை திருக வேண்டும். கை நின்ற பிறகே ஸ்பானர். புதிய பிளக்காயின் ஏறத்தாழ அரைச் சுற்று, பழையதாயின் அதனினும் மிகக் குறைவு. கையால் திருக முடியவில்லையென்றால் மரை கோணியிருக்கிறது என்று பொருள். உடனே வெளியே எடுத்து மீண்டும் தொடங்குக.

எண்ணெய் ஊற்றும்போது அளவுகோலின் இரு குறிகளுக்கு இடையே நிறுத்துக. மிகுதியாக ஊற்றினால் சுழலும் தண்டு அதனை நுரையாகக் கடைந்துவிடும்; நுரை இயந்திரத்தைக் காக்காது. ரேடியேட்டரில் ஊற்றும் பச்சைத் திரவம் இனிப்பானது, ஆனால் நஞ்சு. சிந்தினால் உடனே கழுவிவிட வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் எவரும் தலை நுழைக்க வேண்டா.

எல்லாம் முடிந்த பின், மூடிய பைகளை மறவாது அகற்றி, நன்றாக உலரவிட்டு, கால் மணி நேரமாவது இஞ்சினை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். நாம் செய்யத் தவறியதும், ஆஜோபாவை இருபது நிமிடம் காக்கவைத்ததும் இதுவே.

ஆஜோபா ஒரு சொல்லும் கடிந்து கூறவில்லை. அடுத்த ஆண்டு ஆயுத பூஜைக்கு நாம் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது, மாடியிலிருந்து பார்த்து, “இன்று குளியல் இல்லையா?” என்று கேட்டுச் சிரித்தார். மறுநாள் விஜயதசமி. மராட்டிய வழக்கப்படி ஆப்டா இலையைப் பொன்னாகக் கருதி நம் கையில் கொடுத்தார். நாம் அதனை வண்டியின் முன்கண்ணாடி அருகே வைத்தோம். பிறகு மறக்காமல் சாவியைத் திருப்பிப் பார்த்தோம். முதல் முயற்சியிலேயே இஞ்சின் ஓடிற்று.

பதறாத காரியம் சிதறாது என்பர். சொந்த ஊரை விட்டு வந்த நமக்கு அண்டை வீட்டாரே சுற்றம். அவர்கள் நம்பியிருக்கும் வண்டியைத் தொடும்போது நம் கை சற்று நிதானமாகவே இருக்கட்டும்.