எய்தவன் இருக்க

2009-ஆம் ஆண்டு கோடையில் எனக்கு வேலை போயிருந்தது. சான் ஹோசேயில் கார் இல்லாமல் நேர்முகத் தேர்வுகளுக்கு அலைவது ஆகாத காரியம். அப்போது பார்த்து வாகனப் பதிவைப் புதுப்பிக்கும்படி கடிதம் வந்தது. கலிபோர்னியாவில் பழைய கார்களுக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறை புகைச் சோதனை உண்டு. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் தேர்ச்சி கிடையாது. என்னுடைய 1998 மாடல் நான்கு சிலிண்டர் காரில் அந்த மஞ்சள் விளக்கு, கடிதம் வந்த மூன்றாம் நாள் எரியத் தொடங்கியது.

அடுத்த வீட்டுக்காரர் தம்மிடமிருந்த குறியீடு படிக்கும் கருவியைக் கொடுத்தார். பி0171 என்றது அது. கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். இதைக் கணினிக்குச் சொல்வது யார்? எக்ஸாஸ்ட் குழாயில் திருகப்பட்டிருக்கும் ஆக்சிஜன் சென்சர். பதினோரு வருடக் கிழவன். பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டினேன். விசாரணையே இல்லாத தீர்ப்பு.

அந்தச் சிறு பொருளுக்குள் இருப்பது சிர்கோனியா என்னும் பீங்கான். ஏறக்குறைய முந்நூறு பாகை சூடேறியதும் அது ஆக்சிஜன் அயனிகளைத் தன்னூடே கடக்கவிடும். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை. இரண்டிலும் உள்ள ஆக்சிஜன் அளவின் வேற்றுமையே மின்னழுத்தமாகிறது. இந்த உறவைச் சமன்பாடாக 1889-இல் எழுதியவர் வால்தர் நெர்ன்ஸ்ட். சிர்கோனியா சேர்ந்த பீங்கானைக் கொண்டு 1897-இல் அவரே ஒரு மின்விளக்கும் செய்தார். விளக்கு வழக்கொழிந்தது, பீங்கான் பிழைத்தது. 1970-களில் பாஷ் நிறுவனம் அதை உணரியாக்க, கலிபோர்னியாவில் விற்ற 1977 மாடல் வால்வோ கார்களில் அது முதன்முதலாக ஏறியது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்பது நியமம். காற்று கூடினால் 0.1 வோல்ட்டுக்கு இறங்கும்; எரிபொருள் கூடினால் 0.9 வோல்ட்டை எட்டும். நல்ல உணரி இவ்விரண்டுக்கும் இடையே ஓயாமல் ஊசலாடிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் பிற்பாடுதான் படித்தேன். அன்று கையிருப்பில் ஐம்பது டாலருக்கு மேல் எடுத்துப் புதியது வாங்கிவந்தேன். துருப்பிடித்த மரைக்கு இரவே ஊடுருவும் எண்ணெய் விட்டு, காலையில் எஞ்சினைச் சற்றுச் சூடாக்கி, கம்பி நுழையப் பக்கவாட்டில் பிளவுள்ள சாக்கெட்டைப் போட்டு நெம்பினேன். முழங்கையில் சூடு பட்டதுதான் மிச்சம். இரண்டு மணி நேரத்துக்குப் பின் கிழவன் முனகிக்கொண்டு வெளியே வந்தான். புதியதன் மரையில் மட்டும், நுனியில் படாமல், பசை தடவி முறுக்கினேன். குறியீட்டை அழித்தேன். விளக்கு அணைந்தது. நாலாம் நாள் மறுபடி எரிந்தது. அதே பி0171.

இரவு உணவின்போது மனைவியிடம் புலம்பினேன். அவள் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "சர்க்கரை பாக்குற மெஷினையும் இப்படித்தானே மாத்தினீங்க?" என்றாள்.

இரண்டு மாதங்களுக்கு முன் வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டர் 180 காட்டியது. பட்டை பழசு, கருவி மட்டம் என்று சொல்லி வேறு வாங்கினேன். அது 176 காட்டியது. இரண்டையும் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். வேலையோடு மருத்துவக் காப்பீடும் போயிருந்தது. தெரிந்துகொண்டால் செலவு, தெரியாதவரை நான் ஆரோக்கியமானவன்.

மறுநாள் கருவியை மாட்டி, எஞ்சின் ஓடும்போதே எண்களைக் கவனித்தேன். உணரி சொல்வதைக் கேட்டுக் கணினி வழக்கத்துக்கு மேல் எரிபொருளைக் கூட்டிக்கொண்டிருந்தது. நின்ற நிலையில் மெதுவாக ஓடுகையில் 25 சதவீதம் கூடுதல். நிமிடத்துக்கு 2500 சுற்றுக்கு ஏற்றியதும் அது 6 சதவீதமாகக் குறைந்தது. உணரி கெட்டிருந்தால் இப்படி வேகத்துக்கேற்பப் பேச்சை மாற்றக் காரணமில்லை. எங்கோ கணக்கில் வராத காற்று நுழைகிறது. மெதுவாக ஓடும்போது உறிஞ்சும் வெற்றிடம் வலுவாகவும் உள்ளே போகும் மொத்தக் காற்று சொற்பமாகவும் இருப்பதால், திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. எஞ்சினின் தலைமூடியிலிருந்து உள்ளிழுக்கும் குழலுக்குப் போகும் ரப்பர் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனேன். அடிப்பக்கம், கண்ணுக்குப் படாத வளைவில், விரல் நகம் நுழையுமளவு வெடிப்பு. நாலைந்து டாலர்.

குழாயை மாற்றியபின் ஒரு வாரம் ஓட்டினேன். குறியீட்டை அழித்தால் கணினியின் சுயபரிசோதனைகளும் அழிந்துபோகும். அவை மீண்டும் முடியும்வரை புகைச் சோதனைக்குப் போய்ப் பயனில்லை. எட்டாம் நாள் சான்றிதழ் கிடைத்தது.

அங்கிருந்து நேரே, வருமானத்துக்கேற்பக் கட்டணம் வாங்கும் சமூக மருத்துவ நிலையத்துக்குப் போனேன். எதிரே அமர்ந்த இளம் மருத்துவர் எத்தனை நாளாக என்று கேட்டார். இரண்டு மாதம் என்று சொல்ல வாயெடுத்து, "தெரிந்து இரண்டு மாதம்" என்று திருத்திக்கொண்டேன். வீட்டில் இரு கருவிகள் இருப்பதையும் சொன்னேன். இரண்டும் என்ன காட்டின என்றார். ஏறக்குறைய ஒன்றேதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை, எழுதத் தொடங்கினார்.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். நானோ எய்த சேதி சொல்ல ஓடிவந்தவனையே நொந்திருக்கிறேன். அந்தப் பழைய உணரியை எறிய மனம் வரவில்லை. அதன் மீது ஒரு குற்றமும் இருந்ததாக இன்றுவரை எனக்குத் தோன்றவில்லை.