முளை கட்டிய தானியம்

பாண்டிச்சேரிக்காரன் என்று சொன்னால் வெளியூரில் இரண்டு கேள்விகள் வரும். முதல் கேள்வி, "ஆசிரமம் பக்கமா வீடு?" இரண்டாவது கேள்வியைக் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். "அடுத்த தடவை வர்றப்ப ரெண்டு பாட்டில் கொண்டு வர முடியுமா சார்?" அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் கோப்பு தள்ளிய காலமெல்லாம் இதைக் கேட்டிருக்கிறேன். ஒருவருக்கும் வாங்கித் தந்ததில்லை. நானும் தொட்டதில்லை. காரணம் என் அம்மா.

அப்பாவுக்கு மில்லில் வேலை. மில் வாசலிலிருந்து எங்கள் வீடு பத்து நிமிஷ நடை. சம்பள நாளில் மட்டும் அவருக்கு மூன்று மணி நேரம் ஆகும். நடுவில் சாராயக்கடை. அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம் மதுவிலக்கு. அது 1971-இல்தான் தளர்ந்தது. கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ஆட்கள் வந்து குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விடுவார்கள். எங்கள் அப்பா எங்கள் வீட்டுக்கு வருவார்.

அவர் வரும் நேரம் தெரிந்தால் அம்மா எங்களை அடுக்களைக்குள் உட்கார வைத்துவிடுவாள். அங்கே எப்போதும் கேழ்வரகு வேலை நடக்கும். ராத்திரி ஊற வைத்து, காலையில் வடித்து, வெள்ளைத் துணியில் மூட்டையாகக் கட்டித் தொங்க விடுவாள். முளை வந்ததும் நிழலில் உலர்த்தி, இரும்புச் சட்டியில் வறுத்து, எந்திரத்தில் அரைத்துச் சலிப்பாள. காசில்லாத நாட்களில் அந்த மாவுக் கஞ்சிதான் எங்களுக்கு இரண்டு வேளையும். வெளியே என்ன சத்தம் கேட்டாலும் அந்த வறுக்கிற வாசனைக்குள் இருந்தால் பயம் கொஞ்சம் குறையும்.

அப்பா நாற்பத்தாறு வயதில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தார். 1972-இல் நான் முதல் சம்பளத்தை அம்மாவிடம் கொடுத்தபோது அவள் அதை வாங்கவில்லை. கையை நீட்டினாள். "அந்தக் கருமத்தைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணு." பண்ணினேன். பிறகுதான் பணத்தை வாங்கி விளக்கின் கீழே வைத்தாள்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் என் பேத்தி. மகளை சொல்தா குடும்பம் ஒன்றில் கட்டிக் கொடுத்தோம். அவர்கள் ஸ்த்ராஸ்பூர்கில் இருக்கிறார்கள். சில வருஷங்களுக்கு முன்பு மகள் போனில் அழுதாள். பேத்தி யுனிவர்சிட்டியை விட்டுவிட்டாளாம். ஜெர்மனியில் பீர் காய்ச்சும் தொழில் கற்றுக்கொள்ளச் சேர்ந்துவிட்டாளாம். "கொள்ளுத்தாத்தா எதுல செத்தாரோ அதையே காய்ச்சப் போறாளாம்பா. நீங்க வந்து சொன்னா கேட்பா."

போனேன். ஸ்த்ராஸ்பூர்கில் ரைன் ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி. மாப்பிள்ளை கார் ஓட்ட, பாம்பெர்க் ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். பவேரியாவின் வடக்கே, பிராங்கோனியா என்று சொல்லும் பகுதி. சின்னச் சின்ன கிராமங்களில்கூட சொந்தமாகப் பீர் காய்ச்சும் இடம் இருக்கும். வழியெல்லாம் பார்லி வயல், அறுவடைக்கு நிற்கும் பழுப்பு நிறத்தில்.

என்ன சொல்ல வேண்டும் என்று வழி நெடுகத் தயார் செய்துகொண்டே போனேன். பேத்தி ரப்பர் பூட்ஸோடு ஓடி வந்து கட்டிக்கொண்டாள். அவளோடு எனக்குப் பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். "முதல்ல நான் செய்யற வேலையைப் பாருங்க தாத்தா. திட்டறது அப்புறம்" என்றாள்.

நீளமான ஒரு கூடம். தரை முழுக்க ஒரு சாண் உயரத்துக்கு ஈரப் பார்லி பரப்பியிருந்தது. சுற்றுவட்டார விவசாயிகளுடைய தானியமாம். இரண்டு நாள் ஊற வைத்து, வடித்து, ஐந்தாறு நாள் இப்படிப் பரப்பி முளைக்க விடுகிறார்கள். சூடு ஏறிவிடாமல் மர மண்வாரியால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு சூடான காற்றில் உலர்த்துவது. அவள் படிப்புக்கு ஜெர்மன் மொழியில் இருக்கிற பெயரே 'பீர் காய்ச்சுபவர் மற்றும் முளைதானியம் செய்பவர்' என்பதுதான். மூன்று வருஷப் பயிற்சி. எங்கள் வீட்டில் முதல் பாதியை மட்டும்தான் காதில் வாங்கியிருக்கிறோம்.

அங்கே செய்வது டுங்கல் என்கிற கறுப்பு பீர். டுங்கல் என்றால் இருட்டு, கறுப்பு. சாயம் எதுவும் கிடையாது. முளைதானியத்தைக் கடைசியில் நூறு டிகிரிக்குச் சற்று மேல் வரை சூடேற்றுவதில் அந்த நிறம் வந்துவிடுகிறது. கூழாக்கும்போது அதில் ஒரு பங்கை எடுத்துத் தனியே கொதிக்க வைத்து மறுபடி சேர்ப்பது பழைய வழக்கம். அதனாலும் நிறமும் ருசியும் ஏறும். ஒருகாலத்தில் பவேரியாவில் பீர் என்றாலே இந்தப் பழுப்புதான். 1842-இல் பில்சன் நகரத்தில் யோசஃப் க்ரோல் என்ற பவேரியக்காரர் பொன்னிற லாகர் காய்ச்சிய பிறகு உலகம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

சுவரில் ஒரு பழைய உத்தரவின் நகல் மாட்டியிருந்தது. 1516 ஏப்ரல் 23-இல் இங்கோல்ஷ்டாட் நகரில் பவேரியப் பிரபுக்கள் பிறப்பித்தது. பேத்தி படித்துச் சொல்லச் சொல்ல, குமாஸ்தாவான எனக்கு அது ஒரு அரசாணையாகத்தான் தெரிந்தது. எடுத்த எடுப்பிலேயே விலை நிர்ணயம். மிக்கேல் சம்மனசு திருநாளிலிருந்து ஜார்ஜியார் திருநாள் வரை ஒரு மாஸ் பீர் ஒரு பென்னிக், மற்ற மாதங்களில் இரண்டுக்கு மேல் கூடாது. அதற்குப் பிறகுதான் சரக்கு: பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. கோதுமையும் ரையும் ரொட்டிக்கு மிஞ்ச வேண்டும் என்பதும் இதற்கு ஒரு காரணம் என்பார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்று யோசித்த உத்தரவு. எங்கள் தெருச் சாராயக்கடைக்கும் அரசாங்க லைசென்ஸ் இருந்தது. அந்தக் காகிதத்தில் ரொட்டியைப் பற்றி ஒரு வரி இருந்திருக்காது.

1553-இல் இன்னொரு உத்தரவு, கோடையில் காய்ச்சவே கூடாது என்று. குளிரில் காய்ச்சி, நிலவறையில் வைத்திருந்து கோடையில் குடிக்க வேண்டும். லாகர் என்ற பெயரே சேமித்து வைப்பதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது. இங்கே ஏறக்குறைய பூஜ்யம் டிகிரியில் ஆறு வாரம் வைக்கிறார்கள்.

"அரசாணையில ஈஸ்ட் இல்லையே?" என்று கேட்டேன். "அது ஒரு உயிர்ங்கறது அவங்களுக்குத் தெரியாது தாத்தா. உங்க பாஸ்தர் வந்துதானே விளக்கினார்" என்றாள். எங்கள் பிரெஞ்சுப் பள்ளியில் பாஸ்தர் என்றால் பாலும் வெறிநாய்க்கடியும்தான். 1870 யுத்தத்தில் ஜெர்மானியரிடம் தோற்ற கோபத்தில், பிரெஞ்சு பீர் அவர்களுடையதை மிஞ்ச வேண்டும் என்று அவர் ஆராய்ச்சி செய்து 1876-இல் புத்தகமே போட்டதை எங்கள் வாத்தியார் சொல்லவில்லை.

சாயங்காலம் முற்றத்து மேஜையில் எல்லோருக்கும் கண்ணாடிக் குவளை வந்தது. கறுப்பு என்கிறார்கள், வெளிச்சத்தில் பிடித்தால் மாதுளைச் சிவப்பு. என் முன்னால் வைத்த குவளையை நான் பேத்தி பக்கம் நகர்த்தினேன். சத்தியத்தைச் சொன்னேன். சாராயக்கடை, மூன்று மணி நேரம், அடுக்களைக்குள் நாங்கள் உட்கார்ந்திருந்தது, எல்லாம் சொன்னேன். என் மகளுக்கே நான் முழுதாகச் சொல்லாத கதை. அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

பேத்தி சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "இந்த ஊர்லயும் அந்த மாதிரி வீடு இருக்கு தாத்தா. எந்த வீடுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். பிறகு எழுந்து உள்ளே போய், கை நிறைய வறுபட்ட முளைதானியம் கொண்டு வந்தாள். "இதுக்கு சத்தியம் தடுக்காதே?"

வாயில் போட்டு மென்றேன். மொறுமொறுவென்று உடைந்தது. முதலில் ஒரு இனிப்பு, பின்னால் சட்டியில் வறுத்த வாசனை. அம்மாவின் கேழ்வரகு. வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. எழுபது வயதுக்கு மேல் அந்நிய ஊர் முற்றத்தில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

தயார் செய்துகொண்டு போன பேச்சில் ஒரு வார்த்தைகூட நான் பேசவில்லை. கிளம்பும்போது ஒன்று மட்டும் சொன்னேன். "உன் கையால காய்ச்சு. ஆனா ஒருத்தன் சம்பள நாள்ல வந்து உட்கார்ந்து எழுந்திருக்கவே இல்லைன்னா, அவன் வீட்டுல ஒரு பிள்ளை அடுக்களையில உட்கார்ந்திருக்கும். அதை நினைச்சுக்க." சரி என்றாள். காரில் மகள் கேட்டாள், "பாட்டி இருந்திருந்தா ஒத்துக்கிட்டிருப்பாளாப்பா?" ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள் என்றுதான் நினைக்கிறேன். அப்படியே சொன்னேன். இருந்தாலும் பிள்ளை படிக்கட்டும் என்றேன்.

மூன்று வருஷமும் முடித்துவிட்டாள். இப்போது அதே கிராமத்தில் வேலை. வருஷத்துக்கு ஒரு தடவை அரைக்கிலோ முளைதானியம் பார்சலில் வரும். என் மனைவி அதைக் கேழ்வரகோடு சேர்த்து அரைத்துக் கஞ்சி வைப்பாள். இந்த வருஷம் அம்மாவின் திதியன்று அந்தக் கஞ்சியைத்தான் முதலில் படத்துக்கு முன்னால் வைத்தோம். வைக்கும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது.