இட்லி சாப்பிடலை, ஸார்!

“ஸார், இன்னிக்கு ஒரு நாள் லீவு வேணும். இட்லி ரெண்டு நாளா சாப்பிடலை...”

போனில் எங்கள் மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்க வீட்டிலயும் ரெண்டு நாளா உப்புமாதான்யா. நான் ஆபீஸ் வரலையா?” என்றார்.

தப்பு அவர் மேல் இல்லை. இட்லி என்பது எங்கள் வீட்டு முயல். குட்டியாக வாங்கி வந்தபோது வெள்ளை வெளேரென்று, அப்போதுதான் துணியிலிருந்து எடுத்து வைத்த மாதிரி இருந்ததால் என் தங்கச்சி அந்தப் பெயரை வைத்துவிட்டாள். போன தை மாசம் அவளுக்குக் கல்யாணம் ஆகித் தூத்துக்குடி போய்விட்டாள். வாடகை வீடு. “நாய், பூனை, கோழி எதுவும் கூடாது” என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். முயலைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லைதான். ஆனால் புது மாப்பிள்ளைக்கு அதைக் கேட்கத் தைரியம் வரவில்லை.

கிளம்பும்போது தங்கச்சி அழுதாள். எனக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே, “அண்ணே, தினமும் வாய்க்கால் கரையில புல் அறுத்துப் போடணும். மறந்துராதே” என்றாள். ‘சரி’ என்று தலையை ஆட்டினேன். ஆட்டுவதற்கென்ன, காசா பணமா?

எனக்கு ஆபீஸ் திருநெல்வேலியில். காலையில் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், ராத்திரி எட்டு மணிக்குத் தொங்கிக்கொண்டு வருகிறவன். அரிவாளை எடுத்துக்கொண்டு கன்னடியன் கால்வாய்க்கு எப்போது போவது? முதல் வாரம் போனேன். இரண்டாவது வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவது வாரம் மார்க்கெட்டில் அரைக் கிலோ கேரட் வாங்கி ஃப்ரிட்ஜில் போட்டுவிட்டேன். முயல் என்றால் கேரட்தானே? கார்ட்டூனில் பார்த்திருக்கிறோமே! டீ குடிக்கும்போது பாதி பிஸ்கட். ஞாயிற்றுக்கிழமை என்றால் ரொட்டி. இட்லியும் அத்தனையையும் ஆசையாகத் தின்றது. ‘நம்ம கவனிப்பில் நல்லாத்தான் இருக்கான்’ என்று எனக்கு நானே சர்டிஃபிகேட் கொடுத்துக்கொண்டேன்.

இடையில்தான் அந்தப் பாய் விவகாரம் நடந்தது.

பத்தமடை என்றால் பாய் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்க உம்மா அதில் பட்டுப்பாய் நெய்கிறவள். ஆற்றங்கரைக் கோரையைக் காய வைத்து, கீறி, ஓடுற தண்ணியில் ஊற வைத்து, மறுபடி காய வைத்து, அப்புறம் தரையில் இருக்கும் தறியில் பருத்தி நூல் பாவுக்குள் ஒவ்வொரு குச்சியாக விட்டு நெய்ய வேண்டும். கல்யாணப் பாய் என்றால் பெண், மாப்பிள்ளை பெயரையும் பாயிலேயே நெய்வார்கள். ஒரு பாய்க்கு உம்மா ஒரு மாசத்துக்கு மேல் உட்காருவாள். நெய்து முடித்தால் கைத்தறித் துணி மாதிரி மடிக்கலாம்.

அப்படி ஒரு பாயில் மாப்பிள்ளை பெயரில் பாதியை இட்லி தின்றுவிட்டது.

“கல்யாணத்துக்கு முன்னாடியே மாப்பிள்ளை பாதியாயிட்டாரே!” என்று நான் சிரித்தேன். உம்மா சிரிக்கவில்லை. ஒரு மாச வேலை. கண்ணில் தண்ணியோடு, “இதைக் கூண்டுல போட்டுப் பூட்டுலே. வெளிய பார்த்தேன்னா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது” என்றாள்.

பூட்டினேன். அதுவரை வீடெல்லாம் ஓடிக்கொண்டிருந்த முயல் இரண்டடிக்கு இரண்டடி கம்பிக் கூண்டுக்குள் உட்கார்ந்தது. மூன்று வாரம்.

மாசி மாசம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, போட்ட கேரட் அப்படியே கிடந்தது. ‘மதியம் உம்மா ஏதாவது போட்டிருப்பாள்’ என்று நினைத்தேன். ‘ராத்திரி அவன் போட்டிருப்பான்’ என்று உம்மா நினைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூண்டுத் தட்டை எடுத்தால் புழுக்கையே இல்லை, பளிச்சென்று இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கழுவுகிற வேலை மிச்சம்!

சாயந்திரம்தான் உறைத்தது. இட்லி ஒரு மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது. உயிரான பிஸ்கட்டை நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டது. கிட்டே போய்க் கேட்டால் பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். “வயிறு சரியில்லேன்னா ஒரு நாள் பட்டினி போடு, தானா சரியாயிரும்” என்றாள் உம்மா. மெடிக்கல் ஷாப்பில், “பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் சிரப் இருக்கு, அமாக்ஸிசிலின், அரை மூடி ஊத்துங்க” என்று பாட்டிலை நீட்டினார்கள். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்துவிட்டு, “ஏலே, தானா போறதுக்கு முன்னாடி அறுத்துட்டா பிரியாணிக்காவது ஆகும்லா” என்றார். நல்ல மனுஷர்தான். ஆனாலும் அன்றைக்கு அவரோடு நான் பேசவில்லை.

எட்டரைக்குத் தங்கச்சி போன். “இட்லி சாப்பிட்டானா?”

“ம்... நல்லா இருக்கான்.”

வைத்தபிறகு என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. சிரப் மூடியைத் திறக்கவும் ஏனோ கை வரவில்லை. எங்கள் ஊரில் 1887-ல் பிறந்த சுவாமி சிவானந்தர், சாமியாராகப் போவதற்கு முன்னால் மலேயாவில் டாக்டராக இருந்தவர். ஊருக்கு டாக்டர் ராசி உண்டு. முயலுக்குப் பார்க்கிற டாக்டருக்கு ராத்திரி பத்து மணிக்கு எங்கே போக?

திங்கள் விடிந்ததும் கூடையில் துணி விரித்து இட்லியைத் தூக்கி வைத்து பஸ் ஏறினேன். கண்டக்டர் கூடையைப் பார்த்து, “உள்ள என்னப்பா?” என்றார்.

“இட்லிண்ணே.”

“சிந்தாம வச்சுக்கோ” என்று போய்விட்டார். நான் பொய் சொல்லவில்லை, கவனியுங்கள்!

ஜங்ஷனில் இறங்கி, சங்கரன்கோவில் ரோட்டில் ராமையன்பட்டிக்கு இன்னொரு பஸ். அங்கேதான் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பசுமாடு, வெள்ளாடு, ஒரு ராஜபாளையம் நாய் என்று வரிசையில் பெரிய மனிதர்களாக நிற்க, நடுவில் நான் கூடையோடு நின்றேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. முதல் கேள்வி: “கடைசியா எப்போ சாப்பிட்டது?”

“வெள்ளிக்கிழமை... இல்ல, சனிக்கிழமை காலையில... இருக்கலாம்.”

“கடைசியா எப்போ புழுக்கை போட்டது?”

“...”

“யார் பார்த்துக்கிறாங்க?”

“நான்தான்” என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இன்கிரிமென்ட் கட் ஆனபோதுகூட எனக்கு அப்படி இருந்ததில்லை.

வயிற்றைத் தடவிப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப் வைத்து ரொம்ப நேரம் கேட்டார். “சத்தமே இல்லை. நல்லா இருக்கிற முயலுக்கு வயித்துல கடமுடன்னு ஏதாவது கேட்டுக்கிட்டே இருக்கணும்.” டெம்பரேச்சரும் இறங்கியிருந்தது. வாயைத் திறந்து விளக்கு அடித்துக் கடைவாய்ப் பல்லைப் பார்த்தார். முயல் பல் சாகும்வரை வளருமாம். முன்பல் மட்டும் வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டருக்கு மேல். புல்லை அரைத்து அரைத்துத்தான் அது தேய வேண்டும். தேயாவிட்டால் கடைவாய்ப் பல் முள்ளு மாதிரி வளர்ந்து நாக்கைக் கிழிக்கும், வலியில் சாப்பாடு நின்றுபோகும். இட்லிக்கு நல்லவேளை, பல் அந்த அளவுக்குப் போகவில்லை.

“என்ன போடுறீங்க?”

கேரட், பிஸ்கட், ரொட்டி என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கிவிட்டது.

“உங்களுக்கு மூணு வேளையும் அல்வா போட்டா எப்படி இருக்கும்? கேரட் அதுக்கு அல்வா. எப்பவாவது ஒரு துண்டு, அவ்வளவுதான். அதோட சாப்பாடு புல். பச்சைப் புல், காய்ஞ்ச புல், இதுதான் முக்கால்வாசிக்கு மேல இருக்கணும்.”

அவர் விளக்கியதை நம் ஆபீஸ் பாஷையில் சொல்கிறேன். முயல் குடல் நம்ம ஃபைல் மாதிரி. பின்னாலிருந்து புதுசாக ஒன்று வந்து தள்ளினால்தான் முன்னால் இருப்பது நகரும். தள்ளுவது நார். நார் இல்லாமல், ஓட்டமும் இல்லாமல் ஒரே இடத்தில் அடைத்துப் போட்டால் குடல் மெதுவாகி நின்றே போகும். உள்ளே காற்று சேரும், வலிக்கும். வலிப்பதால் சாப்பிடாது. சாப்பிடாததால் இன்னும் நிற்கும். திருப்பி அனுப்பலாம் என்றால் அந்த வசதியும் கிடையாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது! ஆகவே, ஒரு நாள் பட்டினி போட்டுப் பார்ப்பது நமக்குச் சரி, முயலுக்கு ஆபத்து. பன்னிரண்டு மணி நேரம் அது ஒன்றும் தின்னவில்லை என்றாலே டாக்டரிடம் ஓட வேண்டுமாம். நான் கிட்டத்தட்ட இரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன்.

பையிலிருந்த சிரப்பைக் காட்டினேன். டாக்டரம்மா முகம் மாறிவிட்டது. “கொடுத்தீங்களா?”

“இல்ல.”

“தப்பிச்சுது. இதை வாய் வழியா கொடுத்தா முயல் குடல்ல இருக்கிற நல்ல கிருமியெல்லாம் செத்துப் போகும். முயலே செத்துரும்.”

பாய் தின்ற கதையைச் சொன்னதும், குடலில் நூல் ஏதும் அடைத்திருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார். அடைப்பு இல்லை. அதன்பிறகுதான் வலிக்கு ஒரு ஊசி, குடல் ஓட ஒரு மருந்து, தோலுக்கடியில் வெதுவெதுப்பாகக் குளுக்கோஸ் மாதிரி ஒரு தண்ணி. “அடைப்பு இருக்கிறப்போ குடலை ஓட்டுற மருந்து கொடுக்கக் கூடாது. நீங்களா எதையும் வாங்கிக் கொடுத்துராதீங்க” என்று இரண்டு தடவை சொன்னார். ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்றைக் கையில் கொடுத்து, ஊட்டுவது எப்படி என்று காட்டினார். முன்பல்லுக்குப் பின்னால் பல்லே இல்லாத இடைவெளி ஒன்று இருக்கிறது. பக்கவாட்டில் அங்கே வைத்துச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். அது மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்தது. அவசரப்பட்டால் மூச்சுக்குழலில் போய்விடும்.

“பிழைச்சுருமா?”

“இன்னிக்கு ராத்திரி பார்ப்போம்” என்றார். டாக்டர்கள் இந்த வாக்கியத்தை எந்தக் கல்லூரியில்தான் படிக்கிறார்களோ!

வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். புல் போடாதது, கூண்டு, நடமாட்டம் இல்லாதது எல்லாம். உம்மா பதிலே பேசவில்லை. தறியில் பாதி நெய்திருந்ததை அப்படியே விட்டு எழுந்தாள். முயல் தீவனக் குச்சியை வெந்நீரில் ஊற வைத்து, பச்சை இலையோடு சேர்த்து, தலைக்குத் தேய்க்கிற சீயக்காய் மாதிரி வழவழவென்று அரைத்தாள். “தள்ளு, உன் கை நடுங்குது” என்று சிரிஞ்சை வாங்கிக்கொண்டாள். தலைமுடி மாதிரி கோரை கீறுகிற விரல். ஒரு சொட்டு சிந்தவில்லை.

மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. இடையில் வயிற்றை லேசாகத் தடவுவது. உடம்பு சில்லென்று இருந்ததால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்தோம். திருநெல்வேலிச் சீமையில் வெந்நீர் ஒத்தடம் வாங்கிய முயல் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

பதினோரு மணிக்குக் கொடுத்ததைப் பாதி துப்பியது. இரண்டு மணிக்கு உம்மா, “எனக்கு ஒரு பாய் போச்சு. அதுக்கு உசுரையா கேட்டேன்?” என்று சொல்லிவிட்டு முகத்தைத் தலைத்துணியால் துடைத்துக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மூணே முக்காலுக்கு, உம்மா மடியில் விரித்திருந்த துண்டில், மிளகு அளவில் ஒன்று விழுந்தது. அப்புறம் இன்னொன்று. சின்னது, கோணலானது, காய்ந்தது. உம்மா அதை விரலில் எடுத்து விளக்கு வெளிச்சத்தில் காட்டினாள். “ஏலே, பாரு... பாரு!” ஒரு புழுக்கையைப் பார்த்து இத்தனை சந்தோஷப்பட்ட குடும்பம் எங்கள் தெருவில் வேறு இல்லை.

விடிந்ததும் அரிவாளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரைக்குப் போனேன். அறுகம்புல்லைப் பனியோடு அறுத்து, கழுவி, ஈரம் உலர்த்திக் கொண்டுவந்தேன். முதலில் முகர்ந்து பார்த்தது. ஒரு இலையை இழுத்தது. கடைவாய் அசைய ஆரம்பித்தது. நறநற இல்லை, கரகர. அந்தச் சத்தத்துக்காக நாங்கள் இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

பழையபடி ஆவதற்கு ஒரு வாரம் பிடித்தது. இப்போது நான் தினமும் அரை மணி முன்னாலேயே எழுகிறேன். ஆபீஸ் போகும்முன் தட்டை இழுத்துப் பார்ப்பேன். மற்றவர்கள் பேப்பர் பார்க்கிற மாதிரி. தறியைச் சுற்றி உம்மா பலகை அடைத்துவிட்டாள். கூண்டுக் கதவைக் கழற்றிவிட்டோம். பாதி மாப்பிள்ளை உள்ள அந்தப் பாய், வண்ணக் கரையும் பெயரும் வெட்டப்பட்டு, உம்மாவின் தையல் மெஷின் மேல் கிடக்கிறது. இட்லிக்கு எட்டாத உயரம்.

பங்குனியில் தங்கச்சி வந்தாள். தூக்கிப் பார்த்த உடனே, “என்னண்ணே, மெலிஞ்சிருக்கான்?” என்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் உம்மா, “நான்தான்டி அடைச்சு வச்சேன்” என்றாள்.

“புல் போடாதது நான். அன்னிக்கு போன்ல நல்லா இருக்கான்னு சொன்னதும் பொய்” என்றேன்.

அவள் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. குனிந்து தட்டை இழுத்து, உருண்டை உருண்டையாகக் கிடந்ததைப் பார்த்தாள். “வீட்டுக்காரர்கிட்ட பேசியாச்சு. முயல்னா பரவாயில்லைன்னுட்டார். நான் கூட்டிட்டுப் போயிருறேன்” என்றாள்.

உம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்து போனாள். ராமையன்பட்டிக்குப் போய்வந்த அந்தக் கூடையை எடுத்து, ஸ்டூல் போட்டு ஏறி, பரணில் கைக்கு எட்டாத மூலையில் தள்ளி வைத்துவிட்டு வந்து தறியில் உட்கார்ந்தாள்.