தலையைச் சூழ்ந்த வளையம்

கூரையில்லாப் பந்தயக் காரில் ஓட்டுநரின் தலை வெளியே தெரிய வேண்டும். அதுவே அப்பந்தயத்தின் அழகு என்று நெடுங்காலம் சொல்லி வந்தனர். நம் செப்பாங் ஓடுதளத்தில் 1999 முதல் 2017 வரை நடைபெற்ற பார்முலா ஒன் பந்தயங்களில், தலைக்கவசத்தின் நிறத்தைக் கொண்டே இன்னார் வருகிறார் என்று கூறிவிடும் இளைஞர்கள் இருந்தனர். ஆயினும், மறைப்பின்றித் தெரியும் தலைக்குப் பறந்து வரும் பொருளிடமிருந்து காப்பு ஏது?

2009 ஜூலையில், இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் ஓடுதளத்தில் வேறொரு காரிலிருந்து கழன்ற சக்கரம் தலையில் மோதி, 18 வயது ஹென்றி சர்ட்டீஸ் மாண்டார். 1964இல் உலக வாகை சூடிய ஜான் சர்ட்டீசின் மைந்தர் அவர். ஒரு வாரம் நிறைவதற்குள், ஹங்கேரியில், முன்னே சென்ற காரிலிருந்து விழுந்த சுருள்வில் பெலிப்பே மாசாவின் தலைக்கவசத்தைத் தாக்கியது, அவர் பிழைத்தார்.

2018இல் ‘ஹேலோ’ கட்டாயமாயிற்று. ஏறத்தாழ 7 கிலோ எடையுள்ள டைட்டேனியச் சட்டம். 12 டன் சுமையைத் தாங்கவல்லது. முன்னே ஒரு தூண். அதன்மேல் தலையைச் சூழ்ந்து செல்லும் வளையம். ஹேலோ என்றால் ஒளிவட்டம். இரசிகர்களோ அதைச் செருப்பு வார் என்று நகைத்தனர். (பார்வைக்கு அப்படித்தான் இருக்கிறது; மறுப்பதற்கில்லை.) இரம்பம் கிடைத்தால் அறுத்தெறிவேன் என்னும் பொருள்படப் பேசினார் மெர்சிடிஸ் அணித் தலைவர் தோத்தோ வோல்ப்.

நிக்கி லவுடாவும் எதிர்த்தார் என்பதுதான் என்னைச் சிந்திக்க வைத்தது. 1976இல் நர்பர்கிரிங்கில் தீயில் வெந்து, ஆறே வாரங்களில் மீண்டும் களமிறங்கியவர் அவர். முகத்தில் வடுவைச் சுமந்தவருக்கு ஆபத்தைப் பற்றி நாம் பாடம் நடத்த இயலுமா? பந்தயக் காரின் இயல்பே கெட்டுவிடும் என்றார். அவரை மதிக்கிறேன், வாதத்தை ஏற்க மனம் வரவில்லை. வளைவில் எப்போது வேகத்தைத் தணிப்பது என்பதில் ஓட்டுநரின் துணிவைக் காணலாம். பிறர் காரிலிருந்து கழன்று வரும் சக்கரத்தின் முன் துணிவுக்கு என்ன வேலை?

2020 நவம்பர் 29. பஹ்ரெய்ன் பந்தயத்தின் முதற்சுற்றிலேயே ரொமேன் குரோஜானின் கார் மணிக்கு 192 கிலோமீட்டர் வேகத்தில் இரும்புத் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்தது. முன்பாதி தடுப்பைத் துளைத்துக்கொண்டு உள்ளே நுழைந்து தீப்பற்றியது. இரும்புக்கும் அவர் தலைக்கும் இடையே நின்றது அவ்வளையமே. ஏறத்தாழ 28 வினாடிகளுக்குப் பின் தீயினுள்ளிருந்து அவர் தாமே எழுந்து வந்தார், கைகள் வெந்திருந்தன. பின்னாளில் அப்படத்தைக் கைக்கடிகாரத்துடன் பார்த்தேன். 28 வினாடி அத்துணை நீளமானதென்று அதுவரை நான் உணர்ந்ததில்லை.

முன்பு ஹேலோவை விரும்பாதவர்களுள் குரோஜானும் ஒருவர். அஃது இல்லையேல் இன்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்று மருத்துவமனைப் படுக்கையிலிருந்து சொன்னார். லவுடா 2019இலேயே மறைந்துவிட்டார். அந்தத் தீயை அவர் காணவில்லை.

இப்போது எங்கள் பள்ளிச் சிறுவர்கள் பந்தயக் கார் வரைந்தால், அவ்வளையத்தையும் சேர்த்தே வரைகிறார்கள்.